விளக்கு எரிந்தது, நூலும் ஓடியது

கம்ப்யூட்டர் கணக்கை நம்பி மனுஷர் பேச்சை ஒதுக்கிய அனுபவம் பற்றி இங்கே பேச்சு ஓடுகிறது, பலரும் ஆபீஸில் நடந்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்வது மில்லில் நடந்தது. நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். மில் பெயர் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷினை இயக்கும் மின்பெட்டியான பேனலைத் திறந்தால் ரிலே என்ற மின்சார ஸ்விட்சும் டைமருமாக இருக்கும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய ஸ்விட்சான காண்டாக்டர் இழுக்கும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். அப்புறம் பிஎல்சி வந்தது, மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர். அது சென்சார், லிமிட் ஸ்விட்ச் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று படிக்கும், எழுதிவைத்த புரோகிராமை ஓட்டும், மோட்டாருக்கும் வால்வுக்கும் உத்தரவு போடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடிதான். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ரிலே பேனலுக்கு மாற்று கேட்டதில் பிறந்த சாமான் இது. அதனால் புரோகிராமும் ரிலே வயரிங் படம் மாதிரியே ஏணி வடிவில் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் போனது.

சில வருஷம் முன்பு, நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃபிரேமில், நூலைச் சுற்றும் கதிரான ஸ்பிண்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் வைத்தார்கள். ஒரு ஃபிரேமில் 1,200 ஸ்பிண்டில். ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங்கில் ஓடும் டிராவலர் என்ற குட்டி எஃகுத் துண்டை அது கவனிக்கும். நூல் அறுந்தால் டிராவலர் நின்றுவிடும், அந்த இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். சைடு பார்ப்பவர், அதாவது ஃபிரேமின் பக்கத்தில் நடந்து நூலைக் கவனிக்கும் தொழிலாளி, நேராகப் போய் அறுந்த நூலை ஒட்டலாம். முன்பெல்லாம் சைடு முழுக்க நடந்து தேட வேண்டும், அதனால் இது நல்ல வசதிதான். ஆனால் எந்த ஸ்பிண்டில் எத்தனை நிமிஷம் நின்றது என்ற கணக்கும் ஆபீஸுக்குப் போகும்.

பல வருஷமாகச் சைடு பார்க்கும் அக்கா ஒருவர். அவர் ஷிப்டில் நாலு ஸ்பிண்டில் மணிக்கணக்காக நின்றதாகக் கணக்கு வந்தது. கூப்பிட்டு விசாரித்தார்கள். "நூல் ஓடிக்கிட்டுதான் சார் இருந்துச்சு, விளக்குதான் அணையல" என்றார். கம்ப்யூட்டர் கணக்குப் பேப்பரை எடுத்து நீட்டினார்கள். அதற்கு மேல் அவர் பேச்சு எடுபடவில்லை, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கிளீனிங் செய்தபோது தட்டியிருக்க வேண்டும், அந்த இடத்தில் சென்சார் பட்டை ரிங்கை விட்டு லேசாக விலகியிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நகர்த்தி இறுக்கினேன். நாலு விளக்கும் அணைந்தன.

சென்சார் 'நிற்கிறது' என்றது, கம்ப்யூட்டர் அப்படியே எழுதிக்கொண்டது. அந்த அக்கா கண்ணால் பார்த்ததை எழுத அதில் இடமே இல்லை. என் ஆதங்கம் அதுதான்.

மேனேஜரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பிடித்த காசு அடுத்த மாதம் வந்தது. 'விளக்கு தப்பு' என்று சைடு பார்ப்பவரே அழுத்த ஒரு பட்டன் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பட்டன் வயரை இணைக்கப் பேனலில் இரண்டு இன்புட் காலியாகத்தான் கிடக்கிறது.