கவுன்சிலிங் முடிந்ததும் தருகிற படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதலாமா?

தங்கச்சிமடத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் இலங்கைச் சிறையிலிருந்து வந்துவிட்டார், படகு இன்னும் அங்கேதான். அவர் நன்றாகத் தூங்குகிறார், தூக்கம் போனது எனக்கு. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் உளவியல் ஆலோசகரிடம் பேசி வருகிறேன். மேடம் தங்கமானவர், ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

சிக்கல் அந்தப் படிவம்தான். பேசி முடித்ததும் அவரே எடுத்து நீட்டுகிறார். காத்திருக்கும் இடம் சுத்தமா, ஊழியர்கள் மரியாதையாகப் பேசினார்களா, ஆலோசனை திருப்தியா என்று கேள்விகள். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது ‘மிகவும் திருப்தி’யைத் தவிர வேறு எதில் டிக் போட முடியும்?

நான் சொல்ல நினைப்பதை அதில் கேட்கவே இல்லை. பாதிப் பேச்சில் பில் போடுகிற பெண் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். வந்த அழுகை தொண்டையிலேயே நின்றுவிடும். அப்புறம், மனதில் ஓடுவதை நோட்டில் எழுதி வரச் சொல்கிறார். எங்கள் வீடு ஒரே அறை. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிவிடுவார்!

மூச்சுப் பயிற்சி உதவுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இதையெல்லாம் சொன்னால் மேடம் மனசு நோகாதா? பேசாமல் ஆளை மாற்றிவிடவா?

மதுரை உளவியல்:
அக்கா, அந்தப் படிவம் மருத்துவமனையின் கணக்குக்கு. இதே மாதிரி, சேவை திருப்தியா என்று அளக்க 1979ல் அமெரிக்காவில் உருவான சிஎஸ்க்யூ-8 என்று ஒன்று இருக்கிறது. எட்டுக் கேள்வி, 8 முதல் 32 வரை மதிப்பெண். எங்கே கொடுத்தாலும் பெரும்பாலும் மேல்மட்டத்திலேயே விழும். ஆளைப் பிடித்துவிட்டால் டிக் தானாக வந்துவிடும், தூக்கம் வந்ததா என்பது தனிக் கதை. அதற்குக் கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வு எப்படி இருந்தது என்று கேட்கிற பிஎச்க்யூ-9 படிவம் மாதிரி ஒன்றை அவ்வப்போது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில ஆலோசகர்கள் ஒவ்வொரு சந்திப்பின் கடைசியிலும் குறி போடச் சொல்லி நான்கு கோடு தருவார்கள், ஒவ்வொன்றும் 10 செ.மீ. காது கொடுத்துக் கேட்டாரா, பேச வந்ததைப் பேசினோமா, வழிமுறை ஒத்துவருகிறதா, மொத்தத்தில் இன்று எப்படி. எது குறைகிறதோ அதை அங்கேயே பேசுவார்கள். நோட்டு ஒத்துவரவில்லை என்பது எங்களுக்கு மிகவும் தேவையான தகவல். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிப் பார்த்த பிறகும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றலாம்.

கீழக்கரை பாய்:
காசு கொடுப்பது நீங்கள், மனசு நோவது அவருக்கா? கதவு விஷயத்தை விடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காக்கப்படும் உரிமை 23ஆம் பிரிவு, சேவைக் குறைக்குப் புகார் சொல்லும் உரிமை 28ஆம் பிரிவு. முதலில் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள், சட்டத்தை அப்புறம் எடுக்கலாம்.

ஏர்வாடித் தம்பி:
எங்கள் ஊரில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்துப்போனார்கள், சங்கிலியில் கட்டி வைத்திருந்தவர்கள். திருப்தியா என்று அவர்களை யார் கேட்டது? அதனால் படிவம் என்று ஒன்றை நீட்டுவதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சும்மா டிக் போட்டு வீணாக்காதீர்கள் அக்கா.

தங்கச்சிமடத்துக்காரி:
சொல்லிவிட்டேன். நோட்டு வேண்டாம், போனில் பேசிப் பதிந்து, ஒரு தடவை கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள் என்றார். வலை காயப்போடுகிற பக்கம் போய்ப் பேசுகிறேன், அங்கே காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கதவுக்கு மேலிடத்தில் சொல்கிறேன் என்றார், இன்னும் அப்படியேதான். படிவத்தில் ஆலோசனை திருப்தியா என்ற வரியில் ‘திருப்தி இல்லை’ போட்டுவிட்டு வந்தேன். தூக்கம்தான் இன்னும் சரியாகவில்லை. விடிகாலை மூன்று மணிக்குப் படபடப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது?

மதுரை உளவியல்:
14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். அரசுச் சேவை, காசு இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அடுத்த முறை மேடத்திடம் அந்த மூன்று மணி விஷயத்தையும் சொல்லுங்கள் அக்கா.