ரிவிஷன்: ‘திருத்தம்’ என்று எழுதினால் என்ன கெடுகிறது?

மடல் 1 / வெ.

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் ஆங்கில இலக்கியத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ படித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கான பயிற்சிக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது டிராஃப்டுக்கு ‘வரைவு’, எடிட்டிங்குக்கு ‘செம்மையாக்கம்’, ப்ரூஃப்ரீடிங்குக்கு ‘மெய்ப்புத் திருத்தம்’ என்று தடங்கலில்லாமல் போகிறது. ரிவிஷனில் வந்து வண்டி நின்றுவிடுகிறது.

‘திருத்தம்’ போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு கட்டுரைக்கு மூன்று வரைவு என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நடப்பது ரிவிஷன், அதாவது வாதத்தையும் அமைப்பையுமே மாற்றி எழுதுவது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் செம்மையாக்கம். ஒப்படைக்குமுன் மெய்ப்பு. ‘திருத்தம்’ மூன்றையும் விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய கேடு, தமிழில் ‘திருத்துவது’ வாத்தியார் வேலை. விடைத்தாள் திருத்துகிறார்கள், பேப்பர் திருத்துகிறார்கள். ரிவிஷன் செய்யவேண்டியது எழுதியவர். சொல்லே வேலையை ஆள் மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

மடல் 2 / கி., யாழ்ப்பாணம்

அன்பின் வெ.,

‘மீட்டல்’ என்று யாரும் முன்மொழிவதற்கு முன்னரே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடநூல்களில் மீட்டல் என்பது படித்த பாடத்தை மறுபடி பார்ப்பது. உங்கள் பக்கத்தில் ‘திருப்புதல் தேர்வு’ இருக்கிறதல்லவா, அதேதான். இரண்டு சொல்லும் ரிவிஷனின் பரீட்சைப் பொருளுக்குப் போய்விட்டன. ‘சீராய்வு’ம் வேண்டாம், வாசிப்பவருக்கு உடனே நீதிமன்ற மனுதான் நினைவுக்கு வரும்.

லத்தீன் மூலத்தில் ரிவைஸ் என்றால் மறுபடி பார்த்தல், மறுபடி போய்க் காணுதல். ‘மறுநோக்கு’ சரிவருமா?

மடல் 3 / ச.

> ‘மறுநோக்கு’ சரிவருமா?

வேர்ச்சொல்லைப் பார்த்துக் கலைச்சொல் செய்வதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. ‘மறுவாசிப்பு’ என்ற சொல் நம் விமர்சனத்தில் என்ன ஆயிற்று? பழைய நூலுக்குப் புது விளக்கம் சொல்வது என்றாகிவிட்டது. மறுநோக்கும் அங்கேதான் போய் விழும். தவிரவும், நோக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடலாமே.

அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்பதை முதலில் வரையறுப்போம். எழுதக் கற்பிப்பதை ஆராய்ந்த நான்சி சோமர்ஸ் 1980இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர்கள் 20 பேர், எழுத்தில் தேர்ந்தவர்கள் 20 பேர். ஆளுக்கு மூன்று கட்டுரை, ஒவ்வொன்றையும் இரண்டு முறை மாற்றி எழுதவேண்டும். செய்த மாற்றங்களை அவர் நான்கு செயலாகப் பிரித்தார்: நீக்கல், ஒன்றுக்கு இன்னொன்றை வைத்தல், சேர்த்தல், இடம் மாற்றல். இவை நிகழும் இடமும் நான்கு: சொல், சொற்றொடர், வாக்கியம், மையக் கருத்து. மாணவர்களுக்கு ரிவிஷன் என்றாலே வேறு நல்ல சொல் தேடுவதுதான். தேர்ந்தவர்கள் தங்கள் வாதத்துக்கு வடிவம் தேடினார்கள். நமக்கு வேண்டிய சொல்லைக் கேட்டதும் ‘சொல்லை மாற்று’ என்று தோன்றக்கூடாது, ‘வாதத்தை மாற்றலாம்’ என்று தோன்றவேண்டும்.

ஓர் உதாரணம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் பற்றிய நான்கு பக்கக் கட்டுரை. முதல் பத்தியில் ‘ஹாம்லெட் தயங்கிக்கொண்டே இருக்கிறான்’ என்று இருக்கிறது. அடுத்த நான்கு பத்தியும் கதைச்சுருக்கம். கடைசிப் பத்தியில்தான் உருப்படியான வாக்கியம் வருகிறது: ‘அவன் தயங்கவில்லை, சான்றுக்காகக் காத்திருக்கிறான்.’ முதல் வரைவுகளில் இது சர்வசாதாரணம். என்ன சொல்ல வருகிறோம் என்பது எழுதி முடிக்கும்போதுதான் எழுதுபவருக்கே பிடிபடுகிறது.

செம்மையாக்குபவர் ‘தயங்கிக்கொண்டே இருக்கிறான்’ என்பதைத் ‘தயங்குகிறான்’ என்று சுருக்கிவிட்டுப் போய்விடுவார். ரிவிஷன் செய்பவர் கடைசி வாக்கியத்தைத் தூக்கி முதலில் வைப்பார். வைத்த உடனே சிக்கல் வரும். மூன்றாம் அங்கத்தில் நாடகத்துக்குள் ஒரு நாடகம் போட்டு தன் தந்தையைக் கொன்றது மன்னன்தான் என்பதை ஹாம்லெட் உறுதி செய்துகொள்கிறான். அடுத்த காட்சியிலேயே மன்னன் தனியாக மண்டியிட்டிருக்கிறான். சான்று கையில் இருந்தும், தொழும்போது செத்தால் சொர்க்கத்துக்குப் போய்விடுவான் என்று சொல்லி ஹாம்லெட் விட்டுவிடுகிறான். அப்படியானால் ‘சான்றுக்காகக் காத்திருக்கிறான்’ என்ற வாதம் பாதி நாடகத்துக்குத்தான் தாங்கும். அதை மாற்றவேண்டும், கதைச்சுருக்கப் பத்திகளில் மூன்றையாவது வெட்டவேண்டும், அந்தத் தொழுகைக் காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். இவ்வளவுக்கும் ‘திருத்தம்’ என்றா பெயர்?

மடல் 4 / வெ.

ச. ஐயா சொன்னதைப் படித்ததும் நன்னூல் பாயிரம் நினைவுக்கு வந்தது. நூலுக்கு ஆகாதவை என்று அது சொல்லும் பத்துக் குற்றத்தில் ‘வழூஉச்சொல் புணர்த்தல்’ (பிழையான சொல்லைச் சேர்ப்பது) சொல்லளவில் நிற்பது. ‘மற்றொன்று விரித்தல்’, ‘மாறுகொளக் கூறல்’, ‘சென்று தேய்ந்து இறுதல்’ ஆகியவை நூலின் உடம்பிலேயே இருக்கும் கோளாறு, காற்புள்ளி போட்டுத் தீராது. பத்து அழகில் ‘முறையின் வைப்பு’ என்று ஒன்று இருக்கிறது. சோமர்ஸின் இடம் மாற்றல் எதற்காக என்று கேட்டால் அதற்காகத்தான். ஆகவே இந்த வேறுபாடு நமக்குப் புதிதில்லை. ஒரே சொல்லில் அதற்குப் பெயர்தான் இல்லை.

என் முன்மொழிவு: மறுவனைவு. குயவர் வனைகிறாரே, அந்த வனைதல். மண் ஈரமாக இருக்கும்வரை பிசைந்து வேறு பானையாக்கலாம், சுட்டபிறகு முடியாது. வரைவு பச்சை மண், ஒப்படைத்த பிரதி சுட்ட பானை.

மடல் 5 / தே.

உவமை நன்றாகத்தான் இருக்கிறது. உவமைக்கு மயங்கிச் சொல்லை ஏற்றுக்கொண்டு, பிறகு யாருமே வாயில் போடாமல் விட்ட கலைச்சொற்கள் நம் பட்டியல்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. ‘உன் கட்டுரையை மறுவனைந்து வா’ என்று வகுப்பில் எவர் சொல்வார்?

சொல்லை ஓரக்குறிப்பில், அதாவது மாணவர் கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் எழுதும் குறிப்பில், வைத்துச் சோதியுங்கள். புதிதாகக் கற்பிக்க வரும் ஆய்வு மாணவர் வழக்கமாகச் சறுக்குவது அங்கேதான். இலக்கிய வகுப்பில் நுண்வாசிப்புப் பழகிய கண் வரிவரியாகத்தான் போகும். முதல் வரைவில் ஒரே பத்திக்குப் பக்கத்தில் ‘காற்புள்ளி’, ‘சொல் பொருந்தவில்லை’, ‘இந்தக் கருத்தை விரிக்கவும்’ என்று மூன்று குறிப்பு விழும். வாக்கியத்தை மெருகேற்றச் சொல்கிறாரா, பத்தியையே கலைக்கச் சொல்கிறாரா என்று மாணவருக்குப் புரியாது. எளிதானதைச் செய்துவிட்டு வந்துவிடுவார், அதாவது காற்புள்ளியை.

நேரக் கணக்கும் உண்டு. சிசிசிசி என்ற எழுத்துப் பயிற்சி ஆசிரியர் அமைப்பு (1949இல் தொடங்கியது) ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 என்றால் உத்தமம் என்கிறது. 20 பேர், ஆளுக்கு 20 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம். அடுத்த வரைவில் வெட்டப்படப்போகும் பத்திக்குக் காற்புள்ளி போட்டு அதை இரட்டிப்பாக்குவது வீண்.

ஆகவே முதல் வரைவில் பேனாவை மூடிவைத்து ஒருமுறை முழுக்க வாசிக்கவேண்டும். பிறகு கடைசியில் இரண்டே விஷயம்: வாதம் எங்கே இருக்கிறது, எந்தப் பத்தி அதற்கு உதவவில்லை. மாணவர் செய்யவேண்டியது, ஒவ்வொரு பத்திக்கும் எதிரே ‘இந்தப் பத்தி என்ன செய்கிறது’ என்று ஒரு வரி எழுதுவது. ஹாம்லெட் கட்டுரைக்கு எழுதிப் பார்த்தால் ‘கதை, கதை, கதை, கதை’ என்று வரும். அதற்குமேல் ஆசிரியர் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் குறிப்பில் இயல்பாக உட்காருவது ‘மாற்றி எழுது’தான். சந்தைச் சொல், எல்லாருக்கும் தெரியும், ஆள் மாறாது.

மடல் 6 / கி.

வினைக்குத் தே. சொல்வதை ஏற்கிறேன். பெயர்ச்சொல்லாக மட்டும் அது நொண்டுகிறது. ‘மாற்றியெழுதல் கோட்பாடுகள்’ என்று தலைப்பு வைத்தால் கையெழுத்துப் பயிற்சி மாதிரி இருக்கிறது. ‘மறுவரைவு’ம் உதவாது, அது கையில் இருக்கும் தாளுக்குப் பெயர், செய்யும் வேலைக்கு அல்ல.

மடல் 7 / வெ.

அப்படியானால் இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன். மாணவரிடம் பேசும் இடங்களில் ‘மாற்றி எழுது’. கோட்பாடு பேசும் இடங்களில், தலைப்பில், அட்டவணையில் ‘மறுவனைவு’. ‘திருத்தம்’ மெய்ப்போடு மட்டும். மாதிரிக் குறிப்பு:

‘கடைசிப் பத்தியில் உள்ள வாதத்தை முன்னே கொண்டுவந்து மாற்றி எழுதுங்கள். தொழுகைக் காட்சி அதற்கு இடிக்கிறது, அதையும் பாருங்கள். எழுத்துப்பிழைகளை இப்போது தொடவேண்டாம்.’

பத்திக்கு எதிரே ஒரு வரி எழுதும் வேலைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘ரிவர்ஸ் அவுட்லைன்’, தலைகீழ்ச் சட்டகம் என்ற பொருளில் சொல்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்தால் சட்டகத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

மடல் 8 / தே.

‘பத்திக்குறிப்பு’ என்று வையுங்கள்.