புதுப்பிப்பு: ரேடியஸ் வழியாக ஒரே ஐபி, இப்போது ஓடுகிறது

மன்னார்குடிப் பக்கம் நாங்கள் இணைய இணைப்பு கொடுத்திருக்கும் ஓர் அரிசி ஆலையில், கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஐபி முகவரி மாறிவிடுகிறது, வெளியூரிலிருந்து கேமரா பார்க்க முடியவில்லை, யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்த்து இணைப்பை அனுமதிக்கும் ரேடியஸ் சர்வரிலிருந்தே நிலையான ஐபி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். கொடுக்கலாம்.

ஃப்ரீரேடியஸில் (நாங்கள் ஓட்டும் ரேடியஸ் மென்பொருள்) ஆலையின் யூசர் பெயருக்கு, ரவுட்டருக்குப் பதிலாக அனுப்ப வேண்டியவை இருக்கும் ரேட்ரிப்ளை டேபிளில் ஃப்ரேம்டு-ஐபி-அட்ரஸ் என்று ஒரு வரி, அவ்வளவுதான். பாஸ்வேர்டு இருக்கும் ரேட்செக்கில் போட்டால் பதிலோடு போகாது. சாதனத்தின் மேக் முகவரியை (வன்பொருள் எண்) வைத்து ஐபி கொடுக்கலாம் என்று சிலர் சொன்ன வழி இங்கே சரிப்படாது. எங்களுடையது யூசர் பெயர், பாஸ்வேர்டு போட்டு நுழையும் பிபிபிஓஇ; லாகின் இல்லாமல் சாதனத்துக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபி இல்லை.

கவனிக்க வேண்டியது பூல்தான், அதாவது ரவுட்டர் தானே எடுத்துக் கொடுக்கும் ஐபிகளின் தொகுப்பு. ரேடியஸ் யாருக்கு எதை ஒதுக்கியிருக்கிறது என்று ரவுட்டரின் பூலுக்குத் தெரியாது. ஆலையில் கரண்ட் இல்லாத நேரம் பார்த்து, அதே ஐபியை வேறு வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். பூலின் கடைசித் துண்டை வெட்டித் தனியே வைத்துவிட்டோம்.

அப்புறம், வரி சேர்த்ததும் ஐபி மாறாது. ஓடும் செஷனை (இப்போதுள்ள இணைப்பை) துண்டித்தால்தான் புதியது வரும். யூசர் சேர்ந்திருக்கும் ரேடியஸ் குரூப்பில் ஃப்ரேம்டு-ஐபி-அட்ரஸ் 255.255.255.254 என்று ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். ரேடியஸின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 2865 ஆவணத்தின்படி அதற்கு, ரவுட்டரே ஐபியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று பொருள்.

அடுத்து கூத்தாநல்லூரில் இரண்டாவது ரவுட்டர் வருகிறது. யூசர் அங்கே மாறினால் அந்த ஐபிக்கான ரூட்டும் (பாதையும்) கூடவே போக வேண்டும். அதை, ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்பிடம் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.