பூமி எரிந்துபோகுமா, புதிதாகுமா? கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்களா?

தல்லாகுளத்தான்:
அரிட்டாபட்டி மலைப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தை எதிர்த்து மேலூர்ப் பக்கம் ஊர் ஊராக மக்கள் திரண்டிருந்த நேரம். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அதற்காக ஜெபிக்கக் கேட்டேன். பேச வந்தவர், "இந்தப் பூமியே எரியப்போகிறது, மலைக்கு எதற்கு ஜெபம்?" என்றார். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாகிவிட்டது. அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. சிலுவையில் சிந்திய இரத்தத்தால் பூலோகத்தில் உள்ளதும் பரலோகத்தில் உள்ளதும் எல்லாமே ஒப்புரவாகிறது என்கிறது கொலோசெயர் 1:20. ரோமர் 8-ல் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனையோடு விடுதலைக்குக் காத்திருக்கிறது. மலை, வல்லூறு, மனிதன் எல்லாமே மீளும் என்று நம்புகிறேன்.

மேலூர் சாட்சி:
தம்பி, 2 பேதுரு 3:10 படித்தீர்களா? பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோகும். சரி, மலையை விடுங்கள். போகிறபோக்கில் 'மனிதன்' என்று சேர்த்தீர்களே, அதுதான் ஆபத்து. மத்தேயு 25:46-ல் நித்திய ஜீவனும் நித்திய ஆக்கினையும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது. எல்லாரும் மீள்வார்கள் என்கிற உங்கள் போதனை, மூன்றாம் நூற்றாண்டுப் போதகர் ஓரிகனுடையது. 553-ல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் அவரைக் கள்ளப்போதகர் பட்டியலில் சேர்த்தாயிற்று.

தல்லாகுளத்தான்:
அண்ணே, நீங்கள் சொன்ன அதே 2 பேதுரு 3-ல் 6-ஆம் வசனம், நோவா காலத்து உலகம் ஜலத்தால் அழிந்தது என்கிறது. ஆனால் வெள்ளம் வடிந்ததும் நோவா அதே மண்ணில்தானே கால் வைத்தார்? நெருப்பும் அப்படித்தான், அக்கிரமம் போகும், மண் இருக்கும். 13-ஆம் வசனமே நீதி வாசமாயிருக்கும் புதிய பூமியைச் சொல்கிறது.
ஓரிகன் விஷயத்தில், ஆத்துமாக்கள் உடலுக்கு முன்பே இருந்தன என்பது போன்ற கருத்துகளோடு சேர்த்துத்தான் அந்தக் கண்டனம் வந்தது. நான்காம் நூற்றாண்டு ஆயர் நிசாவின் கிரகோரியாரும் எல்லாரும் மீள்வார்கள் என்றுதான் எழுதினார். மரணப்படுக்கையில் இருந்த அக்கா மக்ரினாவோடு பேசியதாக அவர் எழுதியதில், அந்த நெருப்பு பொன்னைப் புடமிடுகிற நெருப்பு. எந்தச் சங்கமும் அவரைக் கண்டிக்கவில்லை, இன்றும் புனிதர்தான்.

மேலூர் சாட்சி:
புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் ஊர்ப்பக்கம் வாருங்கள். 1997-ல் மேலவளவில், தனித்தொகுதியில் ஜெயித்தார் என்பதற்காக ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019-ல் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள். இங்கே கிடைக்காத நீதி அங்கேயாவது கிடைக்கும் என்று ஜெபிக்கிறவர்களிடம், வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே பந்தியில் உட்காருவார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? எனக்கு வாய் வராது.

தல்லாகுளத்தான்:
எனக்கும் வராது அண்ணே, நியாயத்தீர்ப்பு இல்லாமல் என்றால். கிரகோரியார் தண்டனை இல்லை என்று சொல்லவில்லை. ஒருவனுக்குள் எவ்வளவு தீமை இருக்கிறதோ அவ்வளவுக்கு வேதனை நீளும் என்கிறார். செய்ததை முழுக்க உணர்ந்து, முருகேசன் முகத்தை நேராகப் பார்த்து மன்னிப்புக் கேட்காமல் எவனும் அந்தப் பந்திக்கு வர முடியாது. அந்த நாள் ஆயுள் தண்டனையைவிடக் கடுமையானது.

ஞானஒளிவுபுரம் அக்கா:
நடுவில் வருகிறேன். எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை நரகம் உண்டு, அது நித்தியமானது என்றுதான் போதிக்கிறது. ஆனால் இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளையும் சொல்லி முடித்ததும், எல்லாரையும் விண்ணகத்துக்கு நடத்தும் என்று வேண்டுகிறோம். எல்லாருக்காகவும் வேண்டலாம் தம்பி. எல்லாரும் வந்தே தீருவார்கள் என்று அடித்துச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

மேலூர் சாட்சி:
அக்கா சொல்வதை நான் ஏற்கிறேன். அரிட்டாபட்டிக்கு ஜெபிக்கக் கூப்பிட்டால் வருவேன், ரோமர் 8 போதும். ஆனால் வெளிப்படுத்தல் 20:15-ல் ஜீவபுஸ்தகத்தில் பேர் இல்லாதவன் அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறான். அதைத் தாண்டி எனக்கு வழி தெரியவில்லை.

தல்லாகுளத்தான்:
அடுத்த அதிகாரத்துக்கு வாருங்கள் அண்ணே. அதற்கு முன்பு 19:19-ல் பூமியின் ராஜாக்கள் வெள்ளைக் குதிரையில் வரும் கிறிஸ்துவோடு யுத்தம் பண்ணக் கூடுகிறார்கள். 21:24-ல் பூமியின் ராஜாக்கள் தங்கள் மகிமையைப் புதிய எருசலேமுக்குள் கொண்டுவருகிறார்கள். அடுத்த வசனத்தில் அதன் வாசல்கள் அடைக்கப்படுவதே இல்லை. அந்த ராஜாக்கள் எப்படி உள்ளே வந்தார்கள்?

மேலூர் சாட்சி:
27-ஐ விட்டுவிட்டீர்களே. தீட்டுள்ளது எதுவும் உள்ளே பிரவேசிப்பதில்லை.

தல்லாகுளத்தான்:
தீட்டோடு யாரும் நுழைய முடியாது, சம்மதம். அந்தத் தீட்டை எரிக்கத்தானே நெருப்பு என்கிறேன்?