ஏழாம் எண் அயர்ன்: கூடிய தூரம் மட்டையிலா, எண்ணிலா?

கேள்வி: தேய்ந்தகிரிப்

வணக்கம். வயது ஐம்பத்தெட்டு, ஹேண்டிகேப் 23 (சுமாரான ஆட்டக்காரன் என்று பொருள்), வாரம் ஒருநாள் கோல்ஃப் ஆட்டம். என் அயர்ன் செட்டுக்கு, அதாவது எண்ணிட்ட இரும்புத்தலை மட்டைகளுக்கு, இருபது வயதாகிறது. முழங்கால் வலியால் ஆட்டத்தை நிறுத்திய மைத்துனர், "என்னிடம் துருப்பிடிப்பதைவிட உன்னிடம் அடிபடட்டும்" என்று கொடுத்தது. எண் ஏற ஏறத் தூரம் குறையும்; மூன்றாம் எண் முதல் பிட்சிங் வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டை வரை எல்லாம் ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு). இதுவரை அதில் குறை சொல்லத் தோன்றியதில்லை.

எங்கள் நால்வர் குழுவில் ஒருவர் போன மாதம் புதிய செட் வாங்கினார். வினை அங்கே தொடங்கியது. 140 கெஜத்தில் ஒரு பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி) இருக்கிறது. நான் ஆறாம் எண்ணை எடுத்து, மூச்சைப் பிடித்து அடித்தால் கிரீனின் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) வாசலில் விழும். அவர் எட்டாம் எண்ணை எடுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்து வருகிறார். போன ஆண்டுவரை என்னைவிடக் குறைந்த தூரம் அடித்த மனிதர்! அடித்த பிறகு என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லாமல் நிற்பதுதான் தாங்க முடியவில்லை.

மனம் கேட்காமல் ஒரு கடைக்குப் போய் சிமுலேட்டரில் அடித்துப் பார்த்தேன். என் ஏழாம் எண் 128 கெஜம். அவர்கள் கொடுத்த புது ஏழாம் எண் 147. விற்பனையாளர் "எல்லாம் தொழில்நுட்பம்" என்று சொல்லிவிட்டு உடனே பில் புத்தகத்தைத் தேடினார். எனக்கு ஏதோ உறுத்தியது. நண்பரின் ஏழாம் எண்ணை ஒருநாள் இரவல் வாங்கி வந்து, என்னுடையதோடு சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன். அவருடைய மட்டையின் முகம் என் ஐந்தாம் எண்ணைப்போல நிமிர்ந்து நிற்கிறது. நீளமும் அரை விரல் அகலம் கூடுதல். ஐந்தாம் எண்ணில் ஏழு என்று பொறித்து விற்கிறார்களா, அல்லது நான் பொறாமையில் பார்க்கிறேனா?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். முதல் அடிக்கான என் நெடுந்தூர மட்டை, டிரைவருக்கு, பன்னிரண்டு வயது. அதன் முகம் "செத்துவிட்டது", இனி பந்து பறக்காது என்கிறார் அதே நண்பர். பந்து விதிகள் மாறப்போகின்றன என்றும் படித்தேன். அலமாரியில் எட்டு டஜன் பந்துகள் இருக்கின்றன. அவை வீணா?

(இதற்குத் தொடர்பில்லாத ஒன்று: என் எட்டாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் பல காலமாக ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகின்றன. என் கைக்கோளாறு என்று விட்டுவிட்டேன்.)

பதில்: பட்டறைமேசை

ஐயா, நீங்கள் தொடர்பில்லாதது என்று அடைப்புக்குள் போட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். பதினைந்து ஆண்டுகளாக மட்டை பழுது பார்க்கிறேன், ஷாஃப்ட் மாற்றுகிறேன். விற்பதில்லை. ஆகவே என் பேச்சில் தரகு கிடையாது.

உங்கள் கண் பொய் சொல்லவில்லை. 1970களில் ஏழாம் எண்ணின் லோஃப்ட், அதாவது முகம் பின்னால் சாயும் கோணம், 38 முதல் 40 டிகிரி வரை இருந்தது. உங்கள் செட்டின் காலத்தில் 34, 35. இன்று தூரத்துக்காகவே செய்யப்படும் மாடல்களில் 28 முதல் 30 வரை. அதாவது அன்றைய ஐந்தாம் எண்ணுக்கு அடியில் இன்று ஏழு என்று பொறித்திருக்கிறது. எண்ணுக்கு இத்தனை டிகிரி என்று எந்த விதியும் கிடையாது. பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்று விதி சொல்லும். எதற்கு என்ன பெயர் வைப்பது என்பது தயாரிப்பாளரின் இஷ்டம்.

ஆனால் இதை வெறும் ஏமாற்று என்று முடித்துவிடவும் மாட்டேன். புது மட்டைகளில் முகம் மெல்லிய தகடு. எடை கீழேயும் பின்னாலும் இறக்கப்பட்டிருக்கிறது. அந்த அமைப்பில் பந்து தானாகவே உயரமாகக் கிளம்பும். பழைய லோஃப்டை அப்படியே வைத்தால் பந்து வானத்துக்குப் போய்விடும் என்பதால் கோணத்தைக் குறைத்தார்கள். வேகமாக வீசுபவர்களுக்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

நம் வயதில், நம் வேகத்தில்தான் சிக்கல். கோணம் குறைந்தால் சுழற்சி குறைகிறது. போதிய உயரமும் இல்லாவிட்டால் பந்து தட்டையாக விழுந்து கிரீனைக் கடந்து ஓடிவிடும். சிமுலேட்டர் திரையில் எல்லோரும் பார்ப்பது தூரத்தை மட்டும். அடுத்த முறை இறங்கு கோணத்தைக் கேளுங்கள். 45 டிகிரியை ஒட்டி இருந்தால் பந்து கிரீனில் நிற்கும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. முப்பதுகளில் இருந்தால், அந்தக் கூடுதல் 19 கெஜத்தில் பாதி கிரீனுக்குப் பின்னால் இருக்கும் புல்லுக்குத்தான் பயன்படும். உங்கள் நண்பரின் பந்து கிரீனைத் தாண்டுகிறதா, கிரீனில் நிற்கிறதா? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.

செட்டின் மறுமுனையையும் பாருங்கள். புது செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரிக்கு வந்துவிட்டது. மணல்குழிக்கான சாண்ட் வெட்ஜ் இன்னும் 54, 56தான். நடுவே பெரும் பள்ளம். அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். மேலே இழுத்த போர்வை காலில் போதவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் எட்டும் ஒன்பதும். இரண்டும் ஒரே தூரம் போனால் கையைச் சந்தேகிப்பதற்கு முன் மட்டையை அளக்க வேண்டும். உங்களுடையது ஃபோர்ஜ்டு, அதாவது மென்மையான கார்பன் எஃகில் அடித்துச் செய்தது என்றால், பயிற்சிப் பாயில் அடித்து அடித்தே வருடக்கணக்கில் கோணம் நகரும். என் மேசைக்கு வந்த பழைய ஃபோர்ஜ்டு செட்டுகளில் எல்லாக் கோணமும் சரியாக இருந்தவை மிகக் குறைவு. பழுது பார்க்கும் எவரிடமும் லோஃப்ட், லை (தண்டு தரையோடு சேரும் கோணம்) இரண்டையும் அளக்கும் கருவி இருக்கும். மொத்த செட்டையும் அளக்க அரைமணி நேரம். ஃபோர்ஜ்டு என்றால் வளைத்துச் சரி செய்துவிடலாம். கடினமான வார்ப்பு எஃகு என்றால் கவனம் வேண்டும், கழுத்து முறியக்கூடும்.

உங்கள் பெயரே கிரிப்பின் (கைப்பிடியின்) நிலையைச் சொல்கிறது! வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் போட்டு பிரஷால் தேயுங்கள். அதன் பிறகும் வழுக்கினால் மாற்றுங்கள்.

பதில்: இடக்கைக்காரி

டிரைவர் பற்றி மட்டும் சொல்கிறேன். முகம் "செத்துப்போவது" என்பது தலைகீழ்க் கதை. அடிபட அடிபட டைட்டானியம் முகம் மெலிந்து, நாளாக நாளாகத் துள்ளல் கூடும். கடைசியில் ஒருநாள் விரிசல் விடும். 2025 மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் முன்னணி வீரர்கள் ரோரி மெக்கில்ராய், ஸ்காட்டி ஷெஃப்ளர் இருவரின் டிரைவர்களும் ஆட்டத்துக்கு முந்தைய சோதனையில் தேறவில்லை. முகம் அனுமதித்த அளவைவிட அதிகமாகத் துள்ளியதுதான் காரணம். ஷெஃப்ளர் வேறு தலையை மாட்டிக்கொண்டு அந்தப் போட்டியையே வென்றார்.

நாம் அவர்கள் வேகத்தில் அடிப்பதில்லை. உங்கள் டிரைவரில் விரிசல் இல்லையென்றால் அது உயிரோடுதான் இருக்கிறது. தலையின் கொள்ளளவுக்கான 460 கன சென்டிமீட்டர் உச்சவரம்பு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதேதான். முகத்தின் துள்ளலுக்கு வைத்த வரம்பும் மாறவில்லை. புதியவற்றில் உண்மையான முன்னேற்றம், நடுவில் படாத அடியை மன்னிக்கும் குணம்தான். எனவே முதலில் பந்து முகத்தில் எங்கே படுகிறது என்று பாருங்கள். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை முகத்தில் லேசாக அடித்துவிட்டுப் பத்துப் பந்து அடித்தால், பத்துத் தடமும் தெரியும். நடுவைச் சுற்றியே இருந்தால் புது டிரைவரால் உங்களுக்கு ஆகப்போவது அதிகமில்லை. அம்மை போட்டதுபோல் எங்கும் பரவியிருந்தால் கடைக்குப் போகலாம். பயிற்சியாளரிடம் போவது இன்னும் நல்லது.

கேட்காத ஒரு யோசனை: அந்த மூன்றாம், நான்காம் எண் அயர்ன்களை யாருக்காக வைத்திருக்கிறீர்கள்? நான் அவற்றைத் தூக்கிவிட்டு ஒரு ஹைப்ரிடும் (அயர்னும் வுட்டும் கலந்த மட்டை) ஏழாம் எண் வுட்டும் (பெருந்தலை மட்டை) போட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாளும் தேடியதில்லை.

பதில்: ஏரிக்குள்பந்து

பந்துக்கு நான். எட்டு டஜன் என்றால் உங்களுக்கு எத்தனை ஆண்டு வரும் என்று தெரியவில்லை, எனக்கு ஒரு பருவம்கூடத் தாங்காது.

கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ இரண்டும் சேர்ந்து 2023 டிசம்பரில் அறிவித்தபடி, பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கு மாற்றம் 2030இல்தான். பந்தின் எடையோ அளவோ மாறவில்லை, அதே 45.93 கிராம், அதே 42.67 மில்லிமீட்டர். சோதனைக் கூடத்தில் இயந்திரம் அடிக்கும் வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 ஆக உயர்த்துகிறார்கள். தூர வரம்பு அப்படியே நிற்பதால், இன்றைய நெடுந்தூரப் பந்துகள் பல அதில் தேறா. நம்மைப் போன்றவர்களுக்கு இழப்பு ஐந்து கெஜம் அல்லது அதற்கும் குறைவு என்பது அவர்களின் மதிப்பீடு. எனக்கு அந்த விதியே பிடிக்கவில்லை, வேறு இடத்தில் அதைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். ஆனால் உங்கள் அலமாரிக்கு ஆபத்தில்லை, அடித்துத் தீருங்கள்.

தேய்ந்தகிரிப் (மூன்று வாரம் கழித்து)

அனைவருக்கும் நன்றி. செட்டை அளந்துவிட்டேன். ஃபோர்ஜ்டுதான். ஏழாம் எண் 35 டிகிரி, குறையில்லை. எட்டு 40. ஒன்பது 41! நான்கு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே டிகிரி. இத்தனை காலம் என் மணிக்கட்டைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பழுது பார்ப்பவர் எட்டை 39க்கும் ஒன்பதை 43க்கும் வளைத்துக் கொடுத்தார். மைத்துனரிடம் சொன்னேன். "என்னிடம் இருந்தபோதே அப்படித்தான், என் கைக்கோளாறு என்று நினைத்தேன்" என்றார்.

நண்பரின் எட்டாம் எண்ணை அந்தப் பார் 3இல் வாங்கி அடித்தேன். கிரீனின் நடுவில் விழுந்தது, நிற்காமல் ஓடிப் பின்பக்க பங்கரில் (மணல்குழியில்) இறங்கியது. அவருடைய பந்தும் அங்கேதான் கிடந்தது. இவ்வளவு நாளும் அது போய் எங்கே நின்றது என்று நான் பார்க்கவே இல்லை.

புது செட் வாங்கவில்லை. மூன்றும் நான்கும் பரணுக்குப் போய்விட்டன, ஒரு ஹைப்ரிட் வந்திருக்கிறது. பவுடர் சோதனையும் செய்தேன் சகோதரி, அம்மைதான். அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பட்டறைமேசை ஐயாவுக்கு ஒரு கேள்வி: வளைத்த பிறகு ஒன்பதாம் எண் நின்றால் முனை லேசாகத் தரையிலிருந்து தூக்கித் தெரிகிறது. லை கோணமும் சேர்ந்து நகர்ந்திருக்குமா, மறுபடி கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா?