பாஸ்டொரல்: முல்லைக் காட்சியா, முல்லைப்புனைவா?

வணக்கம். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் செப்புத்தகட்டு அச்சுப்படங்களில் வரும் பாஸ்டொரல் (இடையர் வாழ்வையும் காதலையும் அழகுபடுத்திக் காட்டும் படம்) வகைக்குப் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் இடலாம்? 'ஆயர் காட்சி' வேண்டாம். கத்தோலிக்கத் தமிழில் ஆயர் என்றால் பிஷப். ஐரோப்பியக் கலைப் பட்டியலில் அந்தச் சொல் கட்டாயம் குழப்பும். 'மேய்ச்சல் காட்சி' டச்சு ஓவியர் பெர்கெமின் ஆடுமாடுகளுக்குப் பொருந்தும். பிரெஞ்சு ஓவியர் பூஷேயிடம் ஆடு ஓரத்தில்தான் கிடக்கும்.

'முல்லைக் காட்சி' அழகான சொல். ஆனால் சங்கத் திணையான முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவருக்காகக் காத்திருத்தல். பூஷே 1747இல் வரைந்து லெ பா செதுக்கிய 'திராட்சையையா நினைக்கிறார்கள்?' படத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கருப்பொருள் முல்லை, உரிப்பொருளோ குறிஞ்சியின் கூடல்! நிலத்தை மட்டும் சுட்டும் 'முல்லைநிலக் காட்சி' என்று வைக்கலாம்.

மறுமொழி:

உரிப்பொருள் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் 'முல்லைநிலக் காட்சி'யை முல்லை + நிலக்காட்சி என்று பிரித்துவிடுவார்கள். நிலக்காட்சி ஏற்கெனவே லேண்ட்ஸ்கேப்புக்கு நிலைத்த சொல். இங்கே மனிதர்கள்தான் முதன்மை.

என் பரிந்துரை 'முல்லைப்புனைவு'. அந்தத் திராட்சைக் காதலர்கள் வயலிலிருந்து வந்தவர்கள் அல்லர்; நாடகாசிரியர் ஃபவார் 1745இல் பாரிசில் மேடையேற்றிய ஊமைக்கூத்திலிருந்து வந்தவர்கள். பூஷேயின் ஆய்ச்சியர் பலருக்குப் பட்டுப் பாவாடை, வெறுங்கால். ஒப்பனை, கற்பனை இரண்டையும் 'புனைவு' தாங்கும்.

தகட்டிலும் இது தெரியும். ஆட்டு ரோமம் அமில அரிப்பில் குட்டிக் குட்டிச் சுருள்கள். பட்டுக்கோ செதுக்குளியின் நீண்ட இணைகோடுகள்: மடிப்புக்குள் தடித்து, மேட்டில் இழையாகி, வெறுந்தாளாக முடியும். அந்த வெறுந்தாள்தான் பளபளப்பு. ஒரே தகட்டில் அச்சிடும் படிகள் ஏற ஏற இழைக்கோடுகள்தான் முதலில் தேயும். அப்போது பட்டு கோராத் துணிபோலத் தெரியும். அதைப் பார்த்து 'எளிய கிராம உடை' என்று எழுதிவிடக் கூடாது. தேய்ந்த படியானால் 'பிற்படி' என்று குறித்தால் போதும்.

இன்னொன்று: ஓவியத்தை அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் இடவலம் மாறும். விவரிப்பில் இடம், வலம் எழுதும்போது அச்சைப் பார்த்தே எழுதுங்கள், ஓவியத்தைப் பார்த்தல்ல.

பதிவு இப்படி அமையலாம்: முல்லைப்புனைவு. பூஷே ஓவியத்தின்படி லெ பா. அமில அரிப்பும் செதுக்குளியும்.