போலன் அலர்ஜிக்கு தமிழ்ல என்ன போடலாம்? வியாழக்கிழமை அச்சுக்குப் போகணும்

ஒத்தக்கடையிலிருந்து, திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தமிழ்ச்சொல் குழுவுல இத்தன நாளா படிக்க மட்டும்தான் செஞ்சேன், இப்ப ஒரு அவசரம்.

நாங்க தூத்துக்குடிக்காரங்க. வீட்டுக்காரருக்கு மாற்றலாகி இங்க வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. முதல் வருஷம் ஒண்ணும் இல்ல. இந்தத் தை பொறந்ததுல இருந்து பையனுக்கு (நாலாங்கிளாஸ்) காலைல எந்திரிச்ச ஒடனே தும்மல், ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா பத்து பன்னெண்டு, கண்ணைக் கசக்கிக் கசக்கி இமை தடிச்சுப் போச்சு, மூக்குல பச்சத்தண்ணி மாதிரி ஒழுகுது, காய்ச்சல் மட்டும் கிடையாது. டாக்டர் போலன் அலர்ஜி, அதாவது பூவுல இருந்து பறக்குற தூளு உடம்புக்குச் சேராம வர்றதுன்னார், எந்தச் செடின்னு டெஸ்ட் எடுத்தாத்தான் சொல்ல முடியும்னார்.

பள்ளிக்கூடத்துல அவன் கிட்ட உக்காந்தா தொத்திக்கும்னு சொல்லி மூணு நாளா வராண்டாவுல தனியா உக்கார வச்சிருக்காங்க, எனக்கு நாலாம் நாள்தான் தெரியும். போய்ப் பாத்தா காம்பவுண்டு சுவத்துக்கு அங்குட்டு பூராம் சீமைக்கருவேலம், மஞ்சளா பூனைவாலு மாதிரி பூ, காத்தடிச்சா உதிர்ந்து அவன் நோட்டு மேல விழுது, அவன் அதைத் தட்டிவிட்டு தட்டிவிட்டு கணக்குப் போட்டுட்டு இருக்கான். எனக்கு அழுகையே வந்துருச்சு. ஹெட்மிஸ்கிட்ட பேசினேன், அவங்க நல்லபடியாத்தான் கேட்டுக்கிட்டாங்க, "எங்களுக்கும் தெரியலம்மா, நீங்களே ஒரு பக்கம் தமிழ்ல எழுதிக் குடுங்க, எல்லாப் பெற்றோருக்கும் குடுத்துருவோம்"னாங்க. எழுதிட்டேன். தலைப்புலதான் நிக்குறேன். மகரந்த ஒவ்வாமையா, பூந்தாது ஒவ்வாமையா, வேற நல்ல சொல்லு இருக்கா? படிக்கிறவங்க பெரும்பாலும் வயக்காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போறவங்க.

திருமங்கலத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்பு மகளே, பையன் சேதி படிச்சு மனசு சங்கடமாப் போச்சு.

மகரந்தம் வேண்டாம்மா. வடசொல்லுங்கிறதுக்காக மட்டும் சொல்லல, வடமொழியிலயே அதுக்குப் பூந்தேன்னுதான் பொருள், தூளுக்கு அங்க பராகம்னு தனிச்சொல் இருக்கு. தேனை எடுத்துத் தூளுக்குப் போட்டுட்டு அதையே பாடப்புத்தகத்துலயும் ஏத்திட்டோம். நம்மகிட்ட இல்லாத சொல்லா? "தாதுண் பறவை பேதுறல் அஞ்சி"ன்னு அகநானூறு நாலாம் பாட்டு, தாது உண்ணுற வண்டு மிரண்டுறக் கூடாதுன்னு தேர்மணியோட நாக்கையே கட்டிட்டு வாறான் தலைவன். இன்னும் மேல போனா நம்ம மதுரைச் சொல்லே இருக்கு, குறுந்தொகை ரெண்டாம் பாட்டு, "கொங்கு தேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி". தருமிக்குப் பொற்கிழி வாங்கிக் குடுத்த பாட்டு, அதுல முதச் சொல்லே கொங்கு. கொங்குன்னா பூந்தாது. ஆகவே கொங்கொவ்வாமை. சொல்லிப் பாருங்க, நாக்குல நிக்கும்.

இன்னொண்ணு, ஒவ்வாமையும் எனக்கு முழுசா ஒப்பல. "சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்"னு வள்ளுவர் சொல்ற இடத்துல ஒவ்வான்னா சமமாகாதுன்னு பொருள். அலர்ஜிங்கிற சொல்ல 1906ல ஆக்குன வியன்னா மருத்துவர் ஃபான் பிர்கே, கிரேக்கத்துல அல்லோஸ், எர்கோன், அதாவது வேறு, செயல்னு ரெண்டைச் சேத்து உடம்போட செயல் மாறிப்போச்சுன்னு காட்டத்தான் வச்சாரு. அப்பப் பாத்தா மாறுவினைன்னுல்ல இருக்கணும்? கொங்கு மாறுவினை. யோசிங்க.

மேலூரிலிருந்து, மருந்துக்கடை

ஐயா, மன்னிக்கணும். கொங்கு மாறுவினைன்னு எழுதிக் குடுத்தா கோயமுத்தூருக்கு ஏதோ ஆகிப்போச்சுன்னு நினைப்பாங்க. தாதுவும் வேண்டாம், எங்க பஸ் ஸ்டாண்டு சுவரு பூராம் தாது புஷ்டி லேகியம்னுதான் எழுதிருக்கு, பள்ளிக்கூட நோட்டீஸ்ல தாதுன்னு பாத்தா அம்மாக்கள் வாங்கவே கூச்சப்படுவாங்க. படிச்ச பிள்ளைக்கோ தாதுன்னா இரும்புத்தாது, தாது உப்பு.

என் கடைக்கு வாறவுக என்ன சொல்றாகன்னு சொல்றேன். "தடுமன் புடிச்சிருக்கு", "மூக்கடைப்பு", "நீர்க்கோவை", "இந்த ஊரு காத்து ஒத்துக்கல", "தூசி சேரல". ஒவ்வாமைன்னு இத்தன வருஷத்துல ஒருத்தர் வாயில இருந்தும் கேட்டதில்ல, அலர்ஜின்னு பாட்டிமாருகூட சொல்லுதாக. என் வோட்டு பூத்தடுமன். கேட்ட ஒடனே புரியும், சுத்தத் தமிழு, யாழ்ப்பாணத்துலயும் தடிமன்னு இதே சொல்லுதான். பூ பூக்குற காலத்துல வர்ற தடுமன். முடிஞ்சுச்சு.

அக்கா, பையனுக்கு என்ன மாத்திரை குடுத்துருக்காங்க? செட்ரிசின்னா ராத்திரி போடச் சொல்லிருப்பாங்க. சிலபேரு பழைய அவில் வாங்கிக் குடுத்துருவாங்க, அது ரொம்பத் தூக்கம் வர வைக்கும், பிள்ளை கிளாஸ்ல தலை சாஞ்சுரும், டாக்டர் எழுதாம அதைக் குடுத்துறாதீங்க.

உசிலம்பட்டியிலிருந்து, தாவரவியல் ஆசிரியை

புலவர் ஐயாவுக்கு வணக்கம். மகரந்தத்துக்கு நீங்க சொன்ன குத்தம் கொங்குக்கும் இருக்கே ஐயா. அகராதி எடுத்தா கொங்குக்கு வாசனை, தேன், பூந்தாதுன்னு மூணும் போட்டிருக்கு. வண்டு தேடுனது தேனா தூளா வாசனையான்னு அந்தப் பாட்டுக்கே இன்னும் பேச்சு ஓயல. பூவுக்குள்ள இருக்கிறத நம்ம ஆளுங்களும் சரி வடக்கயும் சரி பிரிச்சுப் பாத்துப் பேரு வைக்கல, பிரிச்சது பின்னால வந்த அறிவியல். இப்ப பாடப்புத்தகத்துல மகரந்தத்தூள், மகரந்தச்சேர்க்கைன்னு பதிஞ்சு போச்சு, தாய் தகப்பனுக்கு வாசிச்சுக் காட்டப் போறது பிள்ளைகதான், அதுகளுக்குத் தெரிஞ்ச சொல்லு அதுதான். வடசொல்லா இருந்தாலும் வடவெழுத்து ஒண்ணுகூட இல்ல, "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ", வடவெழுத்த விட்டுட்ட வடசொல்ல எடுத்துக்கலாம்னு தொல்காப்பியரே கதவைத் தொறந்து வச்சிட்டுப் போயிருக்காரு.

மருந்துக்கடைத் தம்பி, பூத்தடுமன் அழகா இருக்கு, ஆனா எனக்குப் பயமா இருக்கு. பூன்னு போட்டா மதுரைப் பக்கத்துப் பொம்பளைங்க மொதல்ல மல்லியத்தான் நினைப்பாங்க. 2013ல புவிசார் குறியீடு வாங்குன பூ, அதைத் தலையில வைக்காதேன்னு சொல்றதா ஆயிரும். மல்லி மேல பழி விழக்கூடாது. வாசனையா, கண்ணுக்கு அழகா இருக்குற பூவெல்லாம் பூச்சியக் கூப்பிடுற பூ, அதோட தூளு பிசுக்குனு ஒட்டும், கனம், காத்துல தூரம் போகாது. தும்ம வைக்கிறது பெரும்பாலும் நாம பூன்னே நினைக்காத பூ. புல்லு, சோளம், சவுக்கு, தோட்டத்து ஓரத்துல பார்த்தீனியம். சோளக்கதிர் பூக்குறப்ப தட்டிப் பாருங்க, கை மஞ்சளாயிரும். காத்துல போற தூளு பெரும்பாலும் இருபதுல இருந்து நாப்பது மைக்ரான்தான், ஒத்தையா கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளக்காரன் வச்ச பேரும் ஒண்ணும் ஒழுங்கில்ல. 1819ல பாஸ்டாக்னு லண்டன் டாக்டரு தனக்கே வந்த இந்தத் தொந்தரவ எழுதி வச்சாரு, அப்புறம் ஹே ஃபீவர்னு பேராச்சு, வைக்கோல் காய்ச்சல். வைக்கோலும் காரணமில்ல, காய்ச்சலும் இல்ல. பிளாக்லின்னு இன்னொரு டாக்டரு 1873ல பூந்தூள்தான் காரணம்னு காட்டுன பின்னாடியும் அந்தப் பேரு போகல. தப்பான பேரு ஒருதடவ ஒட்டிக்கிட்டா 200 வருஷமானாலும் போகாது, அதனாலதான் இவ்வளவு நீட்டுறேன்.

திருமங்கலம்

அம்மையார் தொல்காப்பியத்த எனக்கே திருப்பிக் காட்டிட்டாங்க, சந்தோஷம். ஆனா தம்பியோட சொல்லுல ஒரு புணர்ச்சிக் குறை. நன்னூல்ல "பூப்பெயர் முன் இனமென்மையும் தோன்றும்", அதாவது பூவுக்கு அடுத்து வல்லெழுத்து வந்தா நடுவுல அதோட இனமான மெல்லெழுத்தும் வரும். பூங்கொடி, பூந்தோட்டம், பூம்பொழில். ஆகவே பூந்தடுமன். பூத்தடுமன்னா பூத்த தடுமன்னு ஓடிரும். தடுமன் தடு அடியா, தடி அடியாங்கிறதும் இருக்கு. மூக்கைத் தடுக்குறதால தடுமன்னு நான் கொள்ளுறேன், ஈழத்தார் தடிமன்னு சொல்றதால தடித்தல்னு கொள்ளவும் இடமுண்டு.

நேத்து ராத்திரி தூக்கம் வராமச் சிலப்பதிகாரம் புரட்டிட்டு இருந்தேன். கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு வாறப்ப, நடக்கப்போறது தெரிஞ்ச மாதிரி வைகை "புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக் கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி" நிக்குறா. பூவைப் போத்திக்கிட்டுக் கண்ணீரை மறைக்கிறா. அவங்க "புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு"ன்னு தொழுதுட்டுக் கரையேறுறாங்க. உன் பையன் வராண்டாவுல உக்காந்திருந்ததப் படிச்சதுல இருந்து இந்த வரிதான் ஓடுது மகளே. சொல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இருந்தாலும் எழுதணும்னு தோணுச்சு.

மேலூர்

ஐயா, "இனமென்மையும்"ல உம் இருக்கே, அப்ப வல்லினமும் வரலாம்தானே? பூந்தடுமன்னு எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

ஒத்தக்கடை

ஐயா, வைகை வரியப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. நன்றி.

இன்னிக்கு புதன். தண்ணி பிடிக்குற இடத்துல நாலு பேர்கிட்ட மூணு சொல்லையும் சொல்லிப் பாத்தேன். கொங்கொவ்வாமை யாருக்கும் புரியல. மகரந்த ஒவ்வாமைக்கு ஒரு அக்கா "ஏதோ பாடத்துல வருமே" அப்டின்னாங்க. பூத்தடுமன் நாலு பேருக்கும் சட்டுனு புரிஞ்சுச்சு, ஆனா ஒடனே ஒரு பாட்டி கேட்டாங்க, "தடுமன்னா தொத்துமேத்தா, பிள்ளைய வீட்டுல வச்சுக்க வேண்டியதுதானே?" எனக்குப் பக்குனு ஆயிருச்சு. எந்தப் பேச்ச நிறுத்தணும்னு இத்தனையும் எழுதுறேனோ அதே பேச்ச இந்தச் சொல்லே கூட்டிட்டு வருது. அண்ணே, உங்க சொல்லு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா அதைத் தலைப்புல வைக்க மனசு வரல. எனக்கு வேண்டியது அழகான சொல்லு இல்ல, பக்கத்துப் பெஞ்சுல இருக்குற பிள்ளை தள்ளி உக்காராம இருக்கணும், அவ்வளவுதான்.

நோட்டீஸ்ல உள்ள எழுதிருக்கிறதயும் போடுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க. "ராத்திரி படுக்கையில சன்னலச் சாத்துங்க. வெளிய போயிட்டு வந்தா கை, முகம் கழுவி சட்டைய மாத்துங்க. பூக்குற மாசத்துல போர்வை, தலகாணி உறையை மொட்டமாடியில காயப்போடாதீங்க. வீட்டக் கூட்டாம ஈரத்துணியால தொடைங்க. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில உப்புப் போட்டு மூக்கக் கழுவலாம், பச்சத்தண்ணி கூடாது. மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே ரெண்டு நாள்ல கேக்கலன்னு நிறுத்தாதீங்க, டாக்டர் சொன்னபடி தினம் அடிச்சாத்தான் பலன் தெரியும். மூச்சு இழுத்தா, நெஞ்சுல விசில் மாதிரி சத்தம் வந்தா ஒடனே டாக்டர்கிட்ட போங்க."

உசிலம்பட்டி

எல்லாம் சரியா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கோ. ஊருக்குப் புதுசா வந்த ஒடனே வராம ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சும் வரும்னு எழுது, உடம்பு அந்தத் தூளப் பாத்துப் பழகி அப்புறம்தான் எதிர்க்க ஆரம்பிக்கும். இல்லன்னா "போன வருஷம் நல்லாத்தானே இருந்தான், நடிக்கிறான்"னு சொல்லிருவாங்க. இதை வச்சுப் பாத்தா புலவர் ஐயாவோட மாறுவினைதான் உள்ளபடி பொருந்துது, அதையும் சொல்லிடணும். ஆனா நாளைக்கு அச்சு. நான் மகரந்த ஒவ்வாமைக்கே கை தூக்குறேன்.

மேலூர்

பாட்டி சொன்னதக் கேட்டப்புறம் நான் பேசல. தலைப்பு டீச்சர் சொன்ன மகரந்த ஒவ்வாமையே இருக்கட்டும். ஆனா அதுக்குக் கீழ பெரிய எழுத்துல "இது ஒட்டுவாரொட்டி இல்லை"ன்னு போடுங்க. தொற்றுநோய் அல்லன்னு போடாதீங்க. கண்ணுவலி, சொறி, செரங்கு வந்தா நம்ம சனம் சொல்ற சொல்லு ஒட்டுவாரொட்டிதான்.

ஒத்தக்கடை, வெள்ளி

அச்சாயி வந்துருச்சு. மேல மகரந்த ஒவ்வாமை, கீழ தடிச்ச எழுத்துல "இது ஒட்டுவாரொட்டி இல்லை", அதுக்கும் கீழ சின்னதா "பூக்கிற காலத்தில் வரும் தும்மலும் மூக்கொழுகலும்". ஹெட்மிஸ் ஒட்டுவாரொட்டிய வாசிச்சுட்டு "எங்க அம்மாச்சி சொல்ற சொல்லு"ன்னாங்க. பையன் ரெண்டாவது பெஞ்சுல, சன்னலுக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கான். தும்மல் நிக்கல, மாஸ்க் போட்டுட்டுப் போறான். எல்லாருக்கும் நன்றி.

திருமங்கலம்

பையன் உள்ள உக்காந்துட்டான், அது போதும். ஆனா மகரந்தத்துக்கு என் எதிர்ப்பு அப்படியே நிக்குது, குழுவோட சொல் பட்டியல்ல ஏத்தும்போது பக்கத்துல கொங்கொவ்வாமையும் போட்டு வைங்க. பூத்தடுமன், பூந்தடுமன் விஷயமும் முடியல தம்பி, அந்த உம்மை பத்தி உரைகாரங்க சொல்றதப் பாத்துட்டு ஞாயித்துக்கெழம விரிவா எழுதுறேன்.